சைலன்சருக்கு எவர்சில்வர் நட்டு போல்ட்: எங்கே போடலாம், எங்கே கூடாது

மியான்மரின் மோல்மேனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் பழைய டீசல் ஹைலக்ஸ் பிக்கப் ஓடுகிறது. சைலன்சர் ஓட்டையாகி மாற்றப் போனால் ஒரு நட்டுகூடக் கழலவில்லை. நடு இணைப்பிலிருந்த போல்ட்டுகளைக் கேஸ் வைத்து அறுத்தார்கள். இன்ஜினிலிருந்து வரும் புகையைச் சேர்த்துச் சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் மேனிஃபோல்டுக்குக் கீழே ஒரு ஸ்டட் (தலையில்லாத, மரை வெட்டிய கம்பி) பாதியில் முறிந்து உள்ளேயே நிற்கிறது. இந்தத் தொல்லை இனி வேண்டாம், மேனிஃபோல்டு முதல் வால்குழாய் வரை எல்லாவற்றையும் எவர்சில்வரில் மாற்றிவிடலாமா என்பது கேள்வி. பட்டறையில் ஒருவர் தாராளமாகப் போடு என்கிறாராம். இன்னொருவர், போட்டால் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்கணும் என்கிறாராம்.

தம்பி, இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே இடத்துக்குப் பொருந்தாது. வால்குழாய்ப் பக்கம் தாராளமாகப் போடுங்கள். நடு இணைப்புகளில் ரகம் பார்த்து, ஒட்டாமல் தடுக்கும் பேஸ்ட் தடவிப் போடுங்கள். மேனிஃபோல்டில் மட்டும் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் எவர்சில்வர் வேண்டாம். துருப்பிடிக்காமல் இருப்பது போல்ட்டின் இரண்டாவது வேலை. சூடேறிய பிறகும் இறுக்கிப் பிடித்திருப்பதுதான் முதல் வேலை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பட்டறைக்குப் பட்டறை வேறு வேறு பதில் வருகிறது.

முதலில் உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேள்வியில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. மோல்மேன் சால்வீன் ஆறு கடலில் கலக்கிற இடம். காற்றில் உப்பு இருக்கும். யாங்கூனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் மழை என்றால் உங்களுக்கு 4,800 மில்லிமீட்டர் அளவில் கொட்டுகிறது, அதுவும் பெரும்பகுதி மே முதல் அக்டோபருக்குள். வண்டியின் அடிப்பக்கம் அரை வருடம் காயவே காயாது. ஈரம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு போகிறது. கடைத்தெரு வரை போய்த் திரும்புகிற குட்டி ஓட்டத்தில் சைலன்சர் முழுச் சூடு ஏறாது. ஆவி உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகத் தங்கிவிடும். டீசலில் கந்தகம் இருந்தால் அந்தத் தண்ணீர் லேசான அமிலமாகவும் மாறும்.

இன்னொன்றும் உண்டு. நம் நாட்டில் ஓடுகிற வண்டிகளில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடி முடித்து வந்தவை. ஜப்பானின் வடக்குப் பகுதிகளில் குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்கச் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்தப் பக்கம் ஓடிய வண்டி கப்பலேறும்போதே அடியில் துருவோடுதான் ஏறும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருந்தாலும் சைலன்சர் போல்ட்டைப் பார்த்தால் வண்டி எங்கே ஓடியது என்று ஓரளவு தெரிந்துவிடும். வாங்கும்போதே குனிந்து பார்த்துவிடுவது நல்லது.

சரி, நட்டு ஏன் கழலவில்லை? இரும்பு துருவாகும்போது முன்பு பிடித்த இடத்தைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். மரைக்குள் அந்த இடம் இல்லை. அதனால் துரு ஆப்படித்ததுபோல் நட்டை இறுக்கிவிடுகிறது. இந்த வகை இறுக்கம் எவர்சில்வரில் வராது. அதுவரை தாராளமாகப் போடு என்றவர் சொன்னது சரி.

இப்போது சூட்டுக்கு வருகிறேன். முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் கணக்கும் உண்டு, பொறுமையாகப் படியுங்கள்.

நட்டை முடுக்கும்போது போல்ட் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீள்கிறது. நீண்டது பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்புதான் இரண்டு ஃபிளாஞ்சையும் (குழாய் முனையில் போல்ட் துளையோடு இருக்கும் தட்டு) சேர்த்துப் பிடித்திருக்கிறது. நடுத்தரமாக முடுக்கிய ஒரு போல்ட்டில் 300 மெகாபாஸ்கல், அதாவது ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் சுமார் 30 கிலோ, இழுவிசை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிடிநீளம் 40 மில்லிமீட்டர் என்றால் அது நீண்டிருப்பது சுமார் 0.06 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் பருமன் அளவுதான். மொத்தப் பிடிப்பும் அந்த அளவு நீட்சியில்தான் இருக்கிறது.

இனி இன்ஜின் சூடேறுகிறது. கடையில் எவர்சில்வர் என்று விற்கிற 304, 316 ரகங்கள் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் தம் நீளத்தில் பத்து லட்சத்தில் 17 பங்கு விரிகின்றன. சாதாரண எஃகு 12 பங்கு, வார்ப்பிரும்பு 11 பங்கு. மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு. மலையேறும்போதோ பாரம் ஏற்றி ஓடும்போதோ அது 400 டிகிரிக்கு மேல் ஏறுவது சாதாரணம். 400 டிகிரி ஏற்றத்தில் 40 மில்லிமீட்டர் வார்ப்பிரும்பு 0.18 மில்லிமீட்டர் விரியும். அதே நீள எவர்சில்வர் ஸ்டட் 0.27 மில்லிமீட்டர் விரியும். வித்தியாசம் 0.09 மில்லிமீட்டருக்கும் மேலே. உங்கள் கையிலிருந்த நீட்சியோ 0.06 தான். பிடிப்பு முழுதும் போய், அதற்கு மேலும் இடைவெளி விழுகிறது. சாதாரண எஃகு ஸ்டட்டாக இருந்தால் வித்தியாசம் 0.02க்கும் குறைவு, பிடிப்பில் பெரும்பகுதி மிஞ்சும்.

ஸ்டட்டும் மேனிஃபோல்டும் ஒரே சூட்டில் இருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு இது. நிஜத்தில் ஸ்டட் கொஞ்சம் குளிர்ந்தே இருக்கும், காற்று பட்டுக்கொண்டிருப்பதால். எவர்சில்வர் சூட்டைக் கடத்துவதும் சாதாரண எஃகில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அதனால் இன்ஜின் கிளப்பிய முதல் சில நிமிடங்களில் நேர்மாறாக நடக்கும். ஃபிளாஞ்சு முந்திச் சூடாகி விரியும், ஸ்டட் பின்தங்கும், அளவுக்கு மேல் இழுபடும். இழுபட்டு நிரந்தரமாக நீண்டுவிட்டால் ஆறியபின் தொளதொளவென்று நிற்கும். காலையில் கிளப்பும்போது டக்டக் என்று புகை கசிகிற சத்தம் கேட்டு, ஓட ஓடச் சத்தம் குறைகிற வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். மேனிஃபோல்டு பிடிப்பு போனதன் அடையாளங்களில் அது ஒன்று.

பலத்திலும் வேறுபாடு உண்டு. தலையில் 8.8 என்று போட்ட எஃகு போல்ட் 640 மெகாபாஸ்கல் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். ஏ2-70 என்று போட்ட எவர்சில்வர் 450 வரைதான். ஏ4-80 என்றால் 600. ஏ2-50 என்று ஒன்று இருக்கிறது, அது வெறும் 210, இந்த வேலைக்குக் கையில்கூட எடுக்காதீர்கள். ஆகவே பழைய 8.8 போல்ட்டுக்கு எழுதிய முறுக்கு அளவை அப்படியே எவர்சில்வருக்குக் கொடுத்தால் அது முறியும், அல்லது நீண்டு தளர்ந்துவிடும்.

சூட்டில் இன்னொரு பாதிப்பும் இருக்கிறது. 304 ரகத்தை 425 முதல் 850 டிகிரி வரையான சூட்டில் நெடுநேரம் வைத்தால் உள்ளிருக்கும் குரோமியம் கார்பனோடு சேர்ந்து உலோகத் துகள்களின் எல்லையில் படிந்துவிடும். துருவைத் தடுப்பதே அந்தக் குரோமியம்தான். அது ஓரிடத்தில் குவிந்ததும் பக்கத்து இடம் வெறுமையாகி, எவர்சில்வரும் உள்ளுக்குள் அரிக்கப்படும். வெளியே பழுப்பேறிய எவர்சில்வர் போல்ட் தட்டினால் முறிவது இப்படியும் நடக்கலாம். டைட்டானியம் சேர்த்த 321, நையோபியம் சேர்த்த 347 போன்ற ரகங்கள் இதைத் தவிர்ப்பதற்காகவே வந்தவை. ஆனால் அந்த ரகத்தில் போல்ட் நம் ஊர் இரும்புக்கடையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆகவே மேனிஃபோல்டில் என்ன போடலாம்? கம்பெனி ஸ்டட் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. சூடு தாங்குவதற்கென்று தேர்ந்த எஃகு அது. கிடைக்காவிட்டால் குரோமியம் மாலிப்டினம் சேர்ந்த, பி7 என்று குறி போட்ட எஃகு ஸ்டட் நல்லது. கொதிகலன், எண்ணெய்க் குழாய் ஃபிளாஞ்சுகளுக்கு இதைத்தான் போடுகிறார்கள். 400 டிகிரி வரை நன்றாகப் பிடிக்கும். அதில் பித்தளை நட்டோ தாமிரம் பூசிய நட்டோ போடுங்கள். பித்தளையும் எஃகும் துருவால் ஒட்டாது. அடுத்த தடவை கழற்றும்போது எது கெட்டாலும் நட்டின் மரைதான் கெடும், ஸ்டட் பிழைக்கும். நட்டு சில்லறைக் காசு, ஸ்டட் முறிந்தால் ஒரு நாள் வேலை. பித்தளை நட்டைச் சாதாரண நட்டைவிட உயரமாகப் பார்த்து வாங்குங்கள், மரை கூடுதலாகப் பிடிக்கும். டர்போ வண்டியாக இருந்தால் டர்போவை மேனிஃபோல்டோடு பிடிக்கும் ஸ்டட்டுகளில் எந்தச் சோதனையும் செய்ய வேண்டாம். அங்கே சிவக்கிற சூடு. கம்பெனி கொடுத்ததையே போடுங்கள்.

இன்ஜின் தலை அலுமினியமாக இருந்தால் இன்னும் ஒரு காரணம். அலுமினியமும் எவர்சில்வரும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். வெள்ளைப் பொடி கட்டி ஸ்டட் உள்ளேயே இறுகிவிடும், கழற்றினால் மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

மேனிஃபோல்டு பேச்சு வந்ததால் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரலில் பிக்கப்பில் ஆள் ஏற்றி ஊரெல்லாம் சுற்றும்போது பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் அடிப்பார்கள். மேலே அடிக்கிற தண்ணீரால் ஒன்றும் ஆகாது. போனட்டைத் திறந்துவைத்துக்கொண்டோ, அடியில் குழாய் பிடித்தோ கொதிக்கிற மேனிஃபோல்டில் நேராக அடிக்க விடாதீர்கள். வார்ப்பிரும்பு விரிசல் விட்டால் எந்த போல்ட்டாலும் காப்பாற்ற முடியாது.

அடுத்தது, ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னவர் விஷயம். அவர் சொல்வது துரு இல்லை. புத்தம்புது எவர்சில்வர் போல்ட்டில் புத்தம்புது எவர்சில்வர் நட்டைப் போட்டு வேகமாக முடுக்கினால், பாதி வழியில் திடீரென்று நின்றுவிடும். முன்னும் போகாது, பின்னும் வராது. பலம் போட்டால் போல்ட் முறியும். எவர்சில்வரைக் காப்பது அதன் மேலிருக்கும் மிக மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். மரையும் மரையும் அழுத்தத்தோடு உரசும்போது அந்தப் படலம் கிழிகிறது. கிழிந்த இடம் உடனே மூடிக்கொள்ளக் காற்று வேண்டும், ஆனால் மரைக்குள் காற்று இல்லை. அடியிலிருக்கும் வெறும் உலோகம் எதிரிலிருக்கும் வெறும் உலோகத்தோடு சேர்ந்து ஒட்டிப்போகிறது. வெல்டிங் அடித்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, சூடு மட்டும் இல்லை.

இதைத் தடுப்பது கஷ்டமில்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டும். மரையைத் துணியால் துடைத்து மண், பிசிறு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆன்டி-சீஸ் என்கிற, ஒட்டாமல் தடுக்கும் பேஸ்ட்டை மரையிலும் நட்டின் அடிமுகத்திலும் தடவுங்கள். எவர்சில்வருக்கு நிக்கல் கலந்த பேஸ்ட்தான் நல்லது, 1,300 டிகிரி வரை தாங்கும். தாமிரப் பேஸ்ட் சாதாரண எஃகு ஸ்டட்டுக்குப் போதும். துத்தநாகம் கலந்த பேஸ்ட்டைச் சைலன்சர் பக்கமே கொண்டுவராதீர்கள். கிரீஸ் தடவலாமே என்று கேட்பார்கள். கிரீஸ் முடுக்கும்போது உதவும், முதல் நீண்ட ஓட்டத்திலேயே கருகிக் கரியாகிவிடும், கழற்றும்போது உதவாது. அப்புறம், காற்றுத் துப்பாக்கியால் முடுக்காதீர்கள். வேகம்தான் ஒட்டவைக்கிறது. ஸ்பேனரை எடுத்துக் கையால், நிதானமாகச் சுற்றுங்கள். நடுவில் கனம் தெரிந்தால் நிறுத்தி, கொஞ்சம் பின்னால் சுற்றிப் பேஸ்ட் போட்டு மறுபடி வாருங்கள். போல்ட் ஏ2, நட்டு ஏ4 என்று ரகம் மாற்றிப் போடுவதும் உதவும். எவர்சில்வர் போல்ட்டுக்குப் பித்தளை நட்டு போட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. நடு இணைப்புக்கு எனக்கு மிகவும் பிடித்த ஜோடி அதுதான்.

பேஸ்ட் தடவினால் உராய்வு குறையும். அதே முறுக்குக்கு இழுப்பு கூடிவிடும். ஆகவே கை அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஏ2-70 ரகத்தில் எம்8 (8 மில்லிமீட்டர் பருமன்) போல்ட்டுக்குச் சுமார் 15 நியூட்டன் மீட்டர் முறுக்கும், எம்10க்குச் சுமார் 30ம் போதும். முறுக்கு அளவு காட்டும் டார்க் ஸ்பேனர் இல்லாத பட்டறையில் நீளமான பைப்பைச் செருகி முடுக்குவார்கள். எவர்சில்வரில் அந்தப் பழக்கத்தைக் கட்டாயம் விட வேண்டும்.

நைலான் வளையம் வைத்த லாக் நட்டு சைலன்சரில் எங்கேயும் வேண்டாம். 120 டிகிரிக்கு மேல் நைலானை நம்ப முடியாது. முழு உலோக லாக் நட்டு என்று கேளுங்கள், மேல் ஓரம் லேசாக நசுங்கினதுபோல் இருக்கும். துத்தநாகம் பூசிய நட்டை எவர்சில்வர் போல்ட்டில் போட்டுச் சூடான இடத்தில் வைப்பதும் தவறு. துத்தநாகம் 419 டிகிரியில் உருகும். உருகிய துத்தநாகம் எவர்சில்வருக்குள் புகுந்து விரிசல் விழவைக்கும்.

கடையில் வாங்கும்போது ஏமாறாமல் இருக்க வேண்டும். போல்ட் தலையில் ஏ2-70 அல்லது ஏ4-80 என்ற குறியும், செய்தவர் குறியும் இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லாத வழவழத் தலை என்றால் அது எந்த ரகமாகவும் இருக்கலாம். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 201 ரகத்தை எவர்சில்வர் என்றே விற்கிறார்கள். பளபளப்பில் குறையே தெரியாது, மோல்மேன் காற்றில் ஒரு மழைக்காலத்துக்குள் பழுப்புக் கட்டிவிடும். காந்தம் வைத்துப் பார்ப்பார்கள், அது இங்கே நம்பகமான சோதனை இல்லை. நல்ல 304 போல்ட்டும் குளிர்நிலையில் அடித்து உருவாக்கும்போது லேசாகக் காந்தத்தில் ஒட்டும், மட்டமான 201 ஒட்டாமலும் போகலாம். குறியைத்தான் பார்க்க வேண்டும்.

ஏ2 என்பது 304 குடும்பம், 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். ஏ4 என்பது 316 குடும்பம், அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினமும் சேரும். உப்புக் காற்றில் புள்ளிப் புள்ளியாக அரிப்பு விழாமல் தடுப்பது அந்த மாலிப்டினம். யாங்கூனில் உள்ளே ஓடுகிற வண்டிக்கு ஏ2 போதும். கடலோரம் ஓடுகிற உங்களுக்கு ஏ4 தான் சரி. படகு வேலைக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் ஏ4 கிடைக்க வாய்ப்பு அதிகம், அவர்களுக்குக் கடல் தண்ணீரோடுதானே வேலை.

இப்போது சொல்லப்போவது ஜப்பான் வண்டிக்காரர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம். எம்10 போல்ட் என்று கேட்டால் இரும்புக்கடையில் கொடுப்பது 1.5 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள மரை. ஜப்பானிய வண்டிகளில் எம்10 பெரும்பாலும் 1.25 மரை. கண்ணால் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். நட்டு இரண்டு சுற்று ஏறும், பிறகு கனக்கும், துரு என்று நினைத்து முடுக்குவார்கள், ஸ்டட்டின் மரை சீவிக்கொண்டு போகும். எவர்சில்வராக இருந்தால் அங்கேயே ஒட்டியும்விடும். பழைய நட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் புது போல்ட்டில் விரலால் சுற்றிப் பாருங்கள். விரலாலேயே கடைசி வரை ஏற வேண்டும். எம்8 என்றால் 1.25 தான், அங்கே குழப்பம் குறைவு.

இனி உங்கள் வண்டியில் ஒவ்வொரு இடமாக வருகிறேன்.

நடு இணைப்பில் ஃபிளாஞ்சு 150 முதல் 250 டிகிரி வரை சூடாகலாம். முன்பு போட்ட கணக்கைப் பொருத்தினால், 150 டிகிரி ஏற்றத்தில் எஃகு ஃபிளாஞ்சில் எவர்சில்வர் போல்ட் பாதிப் பிடிப்பை இழக்கும். 200 டிகிரி ஏற்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு போகும். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் அங்கே புகையின் அழுத்தம் மிகக் குறைவு, இரண்டு ஃபிளாஞ்சுக்கும் நடுவில் கசிவைத் தடுக்க வைக்கிற கேஸ்கெட்டும் கொஞ்சம் மீண்டு வரும், அதனால் மிஞ்சிய பிடிப்பே போதும். கூம்பு வடிவ ஸ்பிரிங் வாஷர் எவர்சில்வரில் கிடைத்தால் போல்ட்டுக்கு ஒன்று சேர்த்துப் போடுங்கள். போல்ட் விரிந்தாலும் வாஷர் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். முன்குழாயைப் பின்குழாயோடு பிடிக்கிற இடத்தில் ஃபிளாஞ்சில் வெல்டு வைத்த ஸ்டட் முறிந்திருந்தால், அதைத் தட்டி எடுத்துவிட்டுத் துளை வழியாக நீளப் போல்ட்டும் நட்டும் போடுங்கள். அடுத்த தடவை எது கெட்டாலும் அறுத்து எறிந்துவிட்டு வேறு போடலாம்.

சில வண்டிகளில் முன்பக்க இணைப்பு உருண்டை கேஸ்கெட்டோடு, இரண்டு ஸ்பிரிங் வைத்த போல்ட்டோடு இருக்கும். இன்ஜின் ஆடும்போது குழாய் முறியாமல் வளைந்துகொடுக்கவே அந்த அமைப்பு. அந்தப் போல்ட்டின் கழுத்தில் ஒரு படி இருக்கும், அந்தப் படி வரைதான் நட்டு ஏறும். அதை எடுத்துவிட்டுச் சாதாரண எவர்சில்வர் போல்ட்டைப் போட்டு இறுக முடுக்கினால் இணைப்பு விறைத்துப்போய், கொஞ்ச நாளில் குழாய் வேறு இடத்தில் விரிசல் விடும். ஸ்பிரிங் போனால் அதே அளவு ஸ்பிரிங், அதே படிப் போல்ட் தேடி வாங்குங்கள்.

சைலன்சருக்குப் பின்னால் வால்குழாய் வரை, ரப்பர் தொங்கல் பிடிக்கிற போல்ட், கிளாம்ப், சூட்டுத் தகடு எல்லாவற்றுக்கும் எவர்சில்வர் தாராளமாகப் போடுங்கள். சூட்டுத் தகட்டில் பழைய ஓட்டை பெரிதாகியிருக்கும், அகல வாஷர் சேர்த்துப் போடுங்கள். யு வடிவ கிளாம்ப் குழாயை நசுக்கிவிடும், பட்டையாகச் சுற்றிப் பிடிக்கிற எவர்சில்வர் கிளாம்ப் கிடைத்தால் அது மேல்.

எவர்சில்வர் போல்ட் பக்கத்திலிருக்கும் இரும்புக் குழாயை அரிக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. சிறிய எவர்சில்வர் போல்ட், பெரிய இரும்பு ஃபிளாஞ்சு என்றால் அரிப்பு பெரிய பரப்பில் பரவிப்போய்த் தெரியாமலே இருக்கும். எதிர்ப்பக்கம்தான் ஆபத்து. எவர்சில்வர் சைலன்சர் வாங்கிப் போட்டுவிட்டு மீதியிருந்த சாதாரண இரும்புப் போல்ட்டால் பிடித்தால், அந்தச் சிறிய போல்ட்டை அரிப்பு சீக்கிரமே தின்றுவிடும். குழாய் எவர்சில்வர் என்றால் போல்ட்டும் எவர்சில்வராக இருக்கட்டும்.

முறிந்து உள்ளே நிற்கும் ஸ்டட்டை எப்படி எடுப்பது என்பதற்கும் வருகிறேன். துருவைத் தளர்த்தும் எண்ணெயை முந்தின நாளே ஊற்றி, மறுபடி மறுபடி ஊற்றி ஊறவிடுங்கள். ஸ்டட்டின் முனை கொஞ்சமாவது வெளியே நின்றால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டு நிரப்புங்கள். வெல்டின் சூடு ஸ்டட்டுக்குள் இறங்கித் துருவைத் தளர்த்தும், பிடிக்க ஒரு தலையும் கிடைக்கும். சிவப்பு மறைந்து ஆறத் தொடங்கியதும் முன்னும் பின்னும் சிறுகச் சிறுக அசையுங்கள். ஒரே திசையில் பலம் போட்டால் மறுபடி முறியும். முனை உள்ளே போயிருந்தால் நடுவில் சரியாகக் குத்து வைத்துத் துளையிட வேண்டும், நடு தவறினால் மேனிஃபோல்டின் மரை போய்விடும். கரண்ட் போய்ப் போய் வரும் நேரத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள், துளை பாதியில் நின்றால் டிரில் முனை உள்ளே மாட்டிக்கொள்ளும். துத்தநாகப் பூச்சு இருக்கும் சாமானைச் சூடாக்கினால் வரும் வெள்ளைப் புகையைச் சுவாசிக்காதீர்கள், காய்ச்சல் வரும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரை அடித்த இடத்தில் வெல்டு வைக்கவே கூடாது. அதிலிருந்து விஷ வாயு வரும், ஆளையே கொல்லக்கூடியது.

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், பிக்கப்பின் பின்னால் ஆட்கள் உட்காருகிறார்கள், குழந்தைகளும் உட்காருகிறார்கள். இணைப்பில் கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு வாசம் இல்லை, நிறம் இல்லை. டீசலில் பெட்ரோலைவிடக் குறைவுதான், ஆனாலும் தார்ப்பாய் இழுத்து மூடிய மழைக்கால ஓட்டத்தில் அதை நம்பி இருக்க முடியாது. ஆட்களுக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தால் பயணக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள், முதலில் இணைப்பைப் பாருங்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, தடிமனான துணியால் வால்குழாயை ஒரு சில நொடி மட்டும் அடைத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தெளியுங்கள். குமிழி வருகிற இடத்தில் கசிவு இருக்கிறது. பிறகு தட்டோன் ஊர் வரை ஒரு ஓட்டம் போய்வாருங்கள். வண்டியை ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் நடு இணைப்புப் போல்ட்டுகளை முன்பு கொடுத்த அதே அளவுக்குச் சரிபாருங்கள். புது கேஸ்கெட் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கும், கால் சுற்று வரை ஏறினால் அது இயல்பு. அதற்கு மேலும் ஏறிக்கொண்டே போனால் போல்ட் நீண்டுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கழற்றிவிட்டு வேறு போடுங்கள்.